தழும்பு இல்லை, இறக்கம் தெரியவில்லை. ஆனால் குடல் அடைத்திருக்கிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். விட்டுவிட்டு முறுக்கிப் பிடிக்கும் வயிற்று வலி, உப்புசம், வாந்தி, காற்றும் மலமும் பிரியாமை: இந்த நான்கும் சேர்ந்து வந்தால் அதைக் 'கேஸ் டிரபிள்' என்று நினைத்து வீட்டில் வைத்துக்கொள்ளக் கூடாது. நாளிதழ்களின் மருத்துவப் பக்கங்களில் வாயுத் தொல்லையும் மலச்சிக்கலும் வாரந்தோறும் இடம்பெறுகின்றன. குடல் அடைப்பு எப்போதாவதுதான் பேசப்படுகிறது. அதிலும் பெரியவர்களுக்கு வழக்கத்துக்கு மாறான காரணங்களால் வரும் அடைப்பைப் பற்றி, நோயாளியை முதலில் பார்க்கும் மருத்துவர்களுக்கும்கூட நினைவூட்ட வேண்டியிருக்கிறது. வயிற்று அறுவை சிகிச்சைப் பிரிவில் பணிபுரியும் நாங்கள் இந்தக் கடிதத்தை எழுதுவது அதற்காகவே.

பெரியவர்களின் சிறுகுடல் அடைப்புக்கு மிகப் பொதுவான காரணம், முன்பு நடந்த ஏதோ ஓர் ஆபரேஷனுக்குப் பிறகு உள்ளே குடல்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு உண்டான ஒட்டுகள். அடுத்து குடலிறக்கம், புற்றுக்கட்டி. நம் நாட்டில் குடல் டிபியும். இந்த வரிசை மனதில் பதிந்துபோவதால் இரண்டு வகைத் தவறு நடக்கிறது. தழும்பு இருந்தால் 'ஒட்டுதான், தானாகச் சரியாகும்' என்று நாள்கணக்கில் காத்திருக்கிறார்கள். தழும்பு இல்லாவிட்டால் 'மலம் கட்டியிருக்கிறது' என்று எனிமா கொடுக்கிறார்கள். தழும்பும் இல்லாமல், வெளியே இறக்கமும் தெரியாமல் ஒருவருக்குக் குடல் அடைத்திருந்தால், எங்கே அடைத்திருக்கிறது, எது அடைத்திருக்கிறது என்ற இரண்டு கேள்விக்கும் மருத்துவமனையில் சேர்ந்த அன்றே விடை தேட வேண்டும் என்பதுதான் நாங்கள் வலியுறுத்த விரும்புவது. செய்ய வேண்டிய ஆபரேஷன் காரணத்துக்குக் காரணம் மாறுகிறது. ஒன்றில் சரியான செயல் இன்னொன்றில் ஆபத்து.

முதல் சில மணி நேரத்தில் என்ன செய்வது என்பதில் கருத்து வேறுபாடு கிடையாது. வாய்வழியே எதுவும் தரக் கூடாது. மூக்கு வழியே 16 அல்லது 18 எண் ரைல்ஸ் ட்யூப் போட்டு இரைப்பையை வடிக்க வேண்டும். ரிங்கர் லாக்டேட் என்ற உப்புநீர்க் கரைசலை நரம்பில் ஏற்றி, சிறுநீர்க் குழாய் வைத்து, கிலோ எடைக்கு மணிக்கு அரை மில்லியாவது சிறுநீர் வருகிறதா என்று பார்க்க வேண்டும். 60 கிலோ ஆளுக்கு மணிக்கு 30 மில்லி. வாந்தியில் பொட்டாசியம் போய்விடும், அது குறைந்தால் அடைப்பே இல்லாத குடலும் அசையாமல் நின்றுவிடும் என்பதால் அதையும் ஈடுகட்ட வேண்டும். ட்யூப் போட்டு வடிக்காமல் மயக்க மருந்து கொடுத்தால் இரைப்பையில் தேங்கிய நீர் நுரையீரலுக்குள் போகும். குடலைக் காப்பாற்றப் போய் ஆளை இழப்பது இப்படித்தான்.

பேதி மாத்திரையும் விளக்கெண்ணெயும் அடைத்த குடலை இன்னும் வேகமாக அடைப்பின் மேல் மோத வைக்கின்றன. எனிமா கொடுத்ததும் கொஞ்சம் மலம் வந்துவிட்டால் வீட்டார் நிம்மதி அடைகிறார்கள். அது அடைப்புக்குக் கீழே ஏற்கெனவே இருந்த மலம். முழுதாக அடைத்த குடலிலும் முதல் சில மணி நேரத்துக்கு அப்படி வெளியேறும். ஒரு முறை போனது என்பதை வைத்து அடைப்பு இல்லை என்று சொல்ல முடியாது.

எக்ஸ்ரேயில் சிறுகுடல் 3 செ.மீ.க்கு மேலும், பெருங்குடல் 6 செ.மீ.க்கு மேலும், அதன் தொடக்கமான சீக்கம் 9 செ.மீ.க்கு மேலும் விரிந்திருந்தால் அடைப்பு என்று கொள்ளலாம். ஆனால் எக்ஸ்ரே சாதாரணமாக இருக்கிறது என்று யாரும் ஆறுதல் அடைய வேண்டாம். இரு முனையும் மூடிக்கொண்ட குடல் வளையத்துக்குள் காற்று இல்லாமல் நீர் மட்டும் நிறைந்திருந்தால் படத்தில் ஒன்றுமே தெரியாது. மிகவும் ஆபத்தானதும் அந்த வகைதான். நரம்பில் சாய மருந்து செலுத்தி எடுக்கும் சி.டி. ஸ்கேன்தான் அடைப்பின் இடம், காரணம், குடலின் ரத்த ஓட்டம் மூன்றையும் காட்டும். சிறுநீரகம் நன்றாக இயங்குகிறதா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும். குடிக்கும் சாய மருந்து தேவையில்லை. குடலில் தேங்கிய நீரே போதிய வேறுபாட்டைக் காட்டும், மேலும் வாந்தி எடுப்பவருக்கு ஒரு லிட்டர் குடிக்கக் கொடுப்பது சரியல்ல. ஸ்கேன் தொடையின் மேற்பகுதி வரை இறங்க வேண்டும். இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம் என்பதற்கு ஆப்டுரேட்டர் இறக்கமே காரணம்.

எழுபதைத் தாண்டிய, மெலிந்துபோன, பல பிள்ளை பெற்ற பாட்டிமார்களுக்கு வருவது இது. இடுப்பெலும்பின் முன்பக்கம் உள்ள துவாரத்தை ஒரு சவ்வு மூடியிருக்கிறது. அதில் நரம்பும் ரத்தநாளமும் தொடைக்குப் போக ஒரு சிறு வழி. உடம்பில் கொழுப்பு இருக்கும்வரை அது அந்த வழியை அடைத்துக்கொண்டிருக்கும். மெலியும்போது இடம் விட்டுப்போய், குடல் நுழைந்துகொள்கிறது. தசைகளுக்கு அடியில் ஆழத்தில் இருப்பதால் வெளியே வீக்கம் தெரியாது. நரம்பு அழுத்தப்படுவதால் தொடையின் உட்பக்கமாக முழங்கால் வரை வலி இறங்கும். காலை நீட்டி, அகட்டி, உள்பக்கமாகத் திருப்பினால் அதிகரிக்கும், மடக்கினால் குறையும். இந்த அடையாளம் எல்லோருக்கும் இருப்பதில்லை. இருப்பவர்களுக்கும் 'மூட்டுத் தேய்மானம்' என்று தைலமும் மாத்திரையும் கிடைக்கிறது. பல நேரம் குடலின் சுவரில் ஒரு பக்கம் மட்டும் மாட்டிக்கொள்வதால் வழி முழுதாக மூடாமல், காற்று பிரிந்துகொண்டே இருக்கும். உள்ளே மாட்டிய இடம் அழுகிக்கொண்டிருக்கும். சி.டி.யில் தொடையின் மேற்பகுதியில் உள்ள பெக்டினியஸ் தசைக்கும் ஆப்டுரேட்டர் எக்ஸ்டர்னஸ் தசைக்கும் நடுவே சிறு குடல் வளையம் ஒன்று தெரியும். ஸ்கேனை இடுப்பெலும்பின் மேல் விளிம்போடு நிறுத்திவிட்டால் இது தப்பிவிடும்.

ஆபரேஷனில் அந்தக் குடலை மேலே பிடித்து இழுக்கக் கூடாது. மாட்டிய சுவர் நைந்திருக்கும், கிழிந்து மலம் கொட்டும். குடல் நுழைந்த துவாரத்தின் விளிம்பை மெதுவாக அகலப்படுத்தி, தேவைப்பட்டால் தொடைப் பக்கமிருந்து ஒருவர் கையால் அழுத்திக் கொடுக்க, மேலே வாங்க வேண்டும். நரம்பும் ரத்தநாளமும் ஒட்டியே ஓடுவதால் கண்ணுக்குத் தெரியாமல் அங்கே கத்தி வைக்கக் கூடாது. குடல் நன்றாக இருந்தால் துவாரத்தைச் செயற்கை வலை வைத்து மூடலாம். அழுகியிருந்தால் வலை வேண்டாம், தையலோ அருகிலுள்ள திசுவோ போதும். மறுபக்கத்தையும் பார்த்துவிட்டு வர வேண்டும். இவ்வளவுக்கும் முன்னால், படுக்கையருகே ஒரு கடமை உண்டு. சேலையையோ வேட்டியையோ விலக்கி இரண்டு தொடை இடுக்கையும் தொப்புளையும் பார்க்க வேண்டும், ஆசனவாயில் விரல் விட்டுப் பார்க்க வேண்டும். பெண்களுக்குத் தொடை இறக்கம் அரை எலுமிச்சை அளவுகூட இல்லாமல் கொழுப்புக்குள் ஒளிந்திருக்கும். கூச்சத்தின் பெயரால் இது விடுபடும்போது, ஸ்கேன் வரை போகாமலே தெரிந்திருக்க வேண்டியது தெரியாமல் போகிறது.

தமிழ்நாட்டுக்கே உரிய ஒரு கூட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு காலத்தில் இங்கே சிறுகுடலின் தொடக்கமான டியோடினத்தில் புண்ணும் அதனால் இரைப்பையின் வாய் சுருங்குவதும் மிகச் சாதாரணம். அமிலச் சுரப்பைத் தூண்டும் வேகஸ் நரம்பை வெட்டி, இரைப்பையை நேரே சிறுகுடலோடு இணைக்கும் ஆபரேஷன் ஏராளமானோருக்கு நடந்தது. அவர்கள் இப்போது முதியவர்கள். அவர்களின் இரைப்பையில் அமிலம் குறைவு, அரைக்கும் வேகம் குறைவு, பெரிய துண்டுகளைத் தடுத்து நிறுத்தும் வாயையும் தாண்டி உணவு நேரே இறங்குகிறது. பல்லும் போயிருக்கும். மெல்லாமல் விழுங்கிய ஆரஞ்சுச் சுளைத் தோல், முருங்கைச் சக்கை, பனங்கிழங்கு நார், வாழைத்தண்டு நார் போன்றவை உள்ளே திரண்டு உருண்டையாகிச் சிறுகுடலின் கடைசிப் பகுதியில் வந்து சிக்கும். வயிற்றில் பழைய தழும்பு இருப்பதால் 'ஒட்டு' என்றே நினைக்கத் தோன்றும். சி.டி.யில் விரிந்த குடலும் சுருங்கிய குடலும் சந்திக்கும் இடத்தில், காற்றுக் குமிழிகள் பொதிந்த, மலம் மாதிரியான ஒரு நீள்வட்ட உருண்டை தெரியும். அடைப்புக்கு மேலே நாள்பட்டுத் தேங்கிய உணவும் இப்படித் தெரியலாம் என்பதால், ஓரம் தெளிவாக இருக்கிறதா என்று ரேடியாலஜிஸ்டிடம் கேட்க வேண்டும்.

இதற்கு ஆபரேஷன் எளிது. குடலை வெட்டாமலே உருண்டையை விரலால் பிசைந்து உடைத்துப் பெருங்குடலுக்குள் தள்ளிவிட முடிகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சுவர் சிவந்து புண்பட்டிருந்தால் பலவந்தம் செய்யாமல், சற்று மேலே ஆரோக்கியமான இடத்துக்கு உருண்டையைக் கொண்டுவந்து, குடலைத் திறந்து எடுக்க வேண்டும். வயிற்றை மூடும்முன் இரைப்பையிலும் மீதிக் குடலிலும் இன்னொன்று இருக்கிறதா என்று தடவிப் பார்க்க மறந்தால், அதே நோயாளி சில நாளில் திரும்பவும் அடைப்போடு வருவார். கோலா குடித்தால் கரையும் என்று சொல்லப்படுகிறது. இரைப்பையில் இருக்கும் நார் உருண்டைக்கு அது உண்மையிலேயே பயன்படுத்தப்படும் சிகிச்சை. எண்டோஸ்கோப்பி வசதியோடு, மருத்துவமனையில். சிறுகுடலில் ஏற்கெனவே அடைத்திருப்பவர் குடித்தால் வாந்திதான் மிஞ்சும். இரைப்பையில் பாதி கரைந்த துண்டு கீழே இறங்கி அடைப்பதும் உண்டு. இந்த ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் பல் செட் போட்டுக்கொள்வதும், சக்கையைத் துப்பிவிடுவதும், பழத்தைச் சாறாக எடுத்துக்கொள்வதும் நல்லது.

பித்தப்பைக் கல்லும் குடலை அடைக்கும். நாள்பட்ட அழற்சியில் பித்தப்பை டியோடினத்தோடு ஒட்டி ஓட்டை விழுந்து, 2.5 செ.மீ.க்கு மேற்பட்ட கல் குடலுக்குள் விழுகிறது. போகும் வழியில் நின்று நின்று போவதால் வலி வரும், விடும், மறுபடி வரும். விட்ட நேரத்தில் டிஸ்சார்ஜ் ஆகிவிடுவார்கள். விரிந்த சிறுகுடல், பித்தக்குழாயில் காற்று, இருக்கக் கூடாத இடத்தில் கல்: இந்த மூன்றையும் 1941இல் ரிக்லர் என்ற ரேடியாலஜிஸ்ட் விவரித்தார். பெரும்பாலான பித்தக்கல் எக்ஸ்ரேயில் தெரியாது என்பதால் மூன்றும் சி.டி.யில்தான் சேர்ந்து கிடைக்கும். முன்பு இ.ஆர்.சி.பி. (எண்டோஸ்கோப் வழியே பித்தக்குழாய்ச் சிகிச்சை) செய்தவருக்கும் பித்தக்குழாயில் காற்று இருக்கும் என்பதை மறக்க வேண்டாம். ஆபரேஷனில், கல் சிக்கிய இடத்தில் வெட்டாமல், அதை மேல்நோக்கி நகர்த்தி, நல்ல குடலில் நீளவாக்கில் திறந்து எடுத்து, குறுக்குவாக்கில் தைக்க வேண்டும். நீளவாக்கிலேயே தைத்தால் குடல் குறுகிவிடும். எடுத்த கல்லின் ஒரு பக்கம் தேய்ந்து தட்டையாக இருந்தால் உள்ளே இன்னொன்று உண்டு. பித்தப்பையையும் அப்போதே எடுத்து ஓட்டையை மூடிவிட வேண்டும் என்று அறுவை மருத்துவருக்குக் கை பரபரக்கும். முதியவர், சர்க்கரை, இதய நோய், உடலில் நீர் வற்றிய நிலை என்று இருப்பவரிடம் அதைச் செய்யாமல் விடுவதே சரி. கல்லை மட்டும் எடுத்துவிட்டு வெளியே வந்தால் மீண்டும் அடைப்பு வருவது சிலருக்குத்தான்.

ஒரு குடல் இன்னொரு குடலுக்குள் செருகிக்கொள்வது குழந்தைகளின் நோய் என்றே எண்ணப்படுகிறது. சட்டைக் கை தனக்குள்ளேயே மடிந்து போவது போன்றது அது. குழந்தைகளிடம் பெரும்பாலும் கட்டி எதுவும் இருக்காது, காற்றோ நீரோ செலுத்தியே விடுவித்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு அடைப்பு வரும் அளவுக்குச் செருகியிருந்தால், பெரும்பாலும் முனையில் இழுத்துக்கொண்டு போன ஒரு கட்டி இருக்கும். சிறுகுடலில் அது கொழுப்புக் கட்டியாகவோ பாலிப் என்ற சதை வளர்ச்சியாகவோ இருக்கலாம். பெருங்குடலில் புற்றாக இருக்கும் வாய்ப்பு அதிகம். ஆகவே பெரியவர்களுக்குக் காற்று செலுத்தும் முறை கூடாது. பெருங்குடல் செருகலைப் பிதுக்கி விடுவிக்கவும் கூடாது: புற்றணுக்கள் சிதறும், நைந்த சுவர் ஓட்டையாகும். அப்படியே, நிணநீர் முடிச்சுகளோடு சேர்த்து வெட்டி எடுக்க வேண்டும். உதட்டில் கரும்புள்ளிகள் உள்ள இளைஞருக்குச் சிறுகுடலில் பல இடங்களில் பாலிப் இருக்கும் பரம்பரை நோய் இருக்கலாம். அங்கே மட்டும் குடலை மிச்சம் பிடிப்பதற்காகக் கவனமாக விடுவித்து, பாலிப்புகளைத் தேடி எடுப்பது முறை. வேறு காரணத்துக்காக எடுத்த ஸ்கேனில் 3.5 செ.மீ.க்கும் குறைந்த, அடைப்பில்லாத சிறுகுடல் செருகல் தெரிந்தால் பெரும்பாலும் தானாக விலகிவிடும். அதற்காக வயிற்றைத் திறக்க வேண்டாம்.

குடல் டிபி நம் ஊரில் அபூர்வம் அல்ல, ஆனால் அடைப்பாக வரும்வரை கண்டுகொள்ளப்படாமல் இருப்பது சகஜம். சாப்பிட்ட சிறிது நேரத்தில் வலி, வயிற்றில் ஏதோ உருண்டு ஓடும் உணர்வு, பின் 'கடகட'வென்ற சத்தத்தோடு வலி தணிவது, எடை குறைவது: மாதக்கணக்கில் இது நடந்திருக்கும். புண் குடலைச் சுற்றி வளையமாக வருவதால், ஆறும்போது தழும்பு இறுக்கிச் சுருக்கிவிடும். மருந்து சாப்பிடத் தொடங்கிய பிறகும் அடைப்பு கூடுவது இதனால்தான். மருந்து வேலை செய்யவில்லை என்று நிறுத்திவிடக் கூடாது. ஒரே ஒரு குறுகிய சுருக்கம் என்றால், அதன் இரு பக்கமும் நல்ல குடல் வரை 2 செ.மீ. தாண்டி நீளவாக்கில் திறந்து குறுக்கே தைத்தால் போதும். குறுகிய தூரத்தில் பல சுருக்கங்கள், ஓட்டை, சீக்கத்தோடு சேர்ந்த கட்டி என்றால் அந்தப் பகுதியை வெட்டி எடுப்பது நல்லது. சுருக்கத்தை அப்படியே விட்டுவிட்டு மேலேயும் கீழேயும் இணைத்துத் தாண்டிப் போகும் பழைய முறையில், ஒதுக்கப்பட்ட குடலில் கிருமி பெருகி வேறு தொல்லைகள் வருகின்றன.

எடுத்த திசுவை முழுவதுமாக ஃபார்மலின் பாட்டிலில் போட்டுவிடும் வழக்கம் இன்னும் போகவில்லை. ஃபார்மலினில் போட்ட திசுவில் கிருமி வளராது. ஒரு துண்டு ஃபார்மலினில் பயாப்ஸிக்கு, இன்னொரு துண்டும் ஒரு நிணநீர் முடிச்சும் சாதாரண சலைனில், டிபி கிருமியின் மரபணுவைத் தேடும் சி.பி.நாட் பரிசோதனைக்கும், கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சருக்கும் போக வேண்டும். மருந்துக்கு எதிர்ப்பு உண்டா என்பது அதில்தான் தெரியும். குடலில் வரும் நாள்பட்ட அழற்சியான கிரோன் நோயும் இதே மாதிரி தோன்றும். டிபியைக் கிரோன் என்று எண்ணி ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் உடம்பெங்கும் பரவும். உறுதியானால் 6 மாதச் சிகிச்சை: முதல் 2 மாதம் நான்கு மருந்து, அடுத்த 4 மாதம் மூன்று. தனியார் மருத்துவமனையானாலும் 2012 முதல் டிபியை அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம்.

சில நேரம் வயிற்றைத் திறந்தால் சிறுகுடல் முழுவதும் ஒரு தடித்த வெள்ளைச் சவ்வுக்குள் பொதிந்து கிடக்கும். 1978இல் சிங்கப்பூர் மருத்துவர்கள் பருவப் பெண்களிடம் கண்டு விவரித்தது இது. நம் நாட்டில் பல நேரம் பின்னணியில் டிபி இருக்கிறது, நெடுநாள் வயிற்றுவழி டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வரும். சி.டி.யில் குடல் வளையங்கள் எல்லாம் நடுவில் ஒரே கொத்தாகத் தெரியும். சவ்வைப் பொறுமையாக உரித்து எடுக்க வேண்டும், அதையும் பயாப்ஸிக்கு அனுப்ப வேண்டும். குடலே கட்டி என்று நினைத்து வெட்டி எடுத்துவிடுவது இதில் நடக்கக்கூடிய பெரிய தவறு.

வயிற்றுக்குள்ளேயே உள்ள பொந்துகளில் குடல் நுழையும் உள் இறக்கங்களில் வலி மிகக் கடுமையாக இருக்கும், தொட்டுப் பார்த்தால் வயிறு மெத்தென்று இருக்கும். எடை குறைப்புக்காக இரைப்பை பைபாஸ் செய்துகொண்டவர்கள் நன்றாக மெலிந்த பிறகு இப்படி வந்தால், வாந்தி அதிகம் இல்லையே என்று தள்ளிப்போடக் கூடாது. டியோடினத்தின் இடப்பக்கப் பொந்தில் நுழைந்திருந்தால் அதன் வாயின் முன் விளிம்பில் பெரிய ரத்தநாளம் ஓடும், அங்கே வெட்டக் கூடாது. சிலருக்குப் பிறவியிலேயே சிறுகுடலில் இருக்கும் மெக்கெல் பையிலிருந்து தொப்புளுக்கு ஓடும் நார்ப்பட்டையில் குடல் சுற்றிக்கொள்வதும் தழும்பில்லாத வயிற்றில்தான்.

ஒட்டுகளால் வந்த அடைப்பு என்று உறுதியானால், இரைப்பையை வடித்தபின் ட்யூப் வழியே எக்ஸ்ரேயில் தெரியும் சாய மருந்தான காஸ்ட்ரோகிராஃபின் 100 மில்லி கொடுத்து, 24 மணி நேரத்துக்குள் அது பெருங்குடலை எட்டுகிறதா என்று எக்ஸ்ரேயில் பார்ப்பது நல்ல முறை. எட்டினால் பெரும்பாலும் ஆபரேஷன் தேவைப்படாது. எட்டாவிட்டால் 72 மணி நேரத்துக்கு மேல் காத்திருப்பதில் பயனில்லை. ஆனால் இடைவிடாத வலி, காய்ச்சல், நாடித்துடிப்பு கூடுவது, சி.டி.யில் மூடிய வளையம், குடல் சுவரில் சாய மருந்து ஏறாமை இவற்றில் எது இருந்தாலும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது. ரத்தம் தடைபட்ட குடல் ஆறு மணி நேரத்திலேயே சாகலாம். குடல் சாகும்போது கூடும் லாக்டேட் ரத்தத்தில் சரியாக இருப்பது தொடக்கத்தில் எதையும் நிரூபிக்காது.

விடுவித்த குடல் கறுத்திருந்தால் உடனே வெட்டக் கத்தியை எடுக்காமல், வெதுவெதுப்பான சலைனில் நனைத்த துணியால் பத்து நிமிடம் மூடி வைத்து, நிறம், அசைவு, ரத்தநாளத் துடிப்பு மூன்றையும் மறுபடி பார்க்க வேண்டும். சந்தேகம் தீராத நீளமான பகுதி என்றால் 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி திறந்து பார்ப்பது கோழைத்தனம் அல்ல.

நோயாளியின் குடும்பத்தாரிடம் ஒரு வேண்டுகோள்: எந்த ஆபரேஷன் ஆனாலும் அதன் குறிப்பை நகல் வாங்கி வையுங்கள், முப்பது வருடத்துக்கு முந்தைய இரைப்பை ஆபரேஷன் என்ன வகை என்று தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. மருத்துவர்களிடம் வேண்டுவது: டிஸ்சார்ஜ் சம்மரியில் 'குடல் அடைப்பு, ஆபரேஷன் செய்யப்பட்டது' என்று ஒரு வரியோடு நிறுத்தாமல், அடைத்தது எது, எத்தனை செ.மீ. எடுக்கப்பட்டது, எத்தனை செ.மீ. சிறுகுடல் மிஞ்சியிருக்கிறது, சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் இடத்தில் உள்ள சீக்கத்தின் வால்வு இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். 200 செ.மீ.க்குக் கீழே போனவருக்கு ஊட்டச்சத்துக் கவனிப்பு வேறு. பயாப்ஸி ரிசல்ட் வரும் தேதியையும், அதை யார் வாங்கி யாரிடம் காட்ட வேண்டும் என்பதையும் அதே தாளில் எழுதிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
வயிற்று அறுவை சிகிச்சை மருத்துவர்கள் சிலர்,
மதுரை